மூடியில்லாத வால்வு

"சாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி என் மச்சான் காருக்குக் காத்தடிச்சாரு. பம்பு எதுக்கு? வாயாலயே ஊதினாரு! நாலு டயரும் பாறை மாதிரி நின்னுச்சு!"

கூடத்தில் துக்கம் கேட்க வந்தவர்களிடம் மாமா முழங்கினார். இருமிக்கொண்டிருந்தவர்கூட இருமலை நிறுத்தினார். உள்ளறையில் அம்மாவும் மகளும் அப்பாவின் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாமாவுக்குப் 'பத்து மடங்கு' என்று பெயர். அவர் பிடித்த மீனின் தலையைப் பார்த்துவிட்டு வாலைப் பார்க்க அடுத்த தெருவுக்கு நடக்க வேண்டும். எதைச் சொன்னாலும் பத்தால் வகுத்துக் கேட்பது குடும்பப் பழக்கம். இதை எத்தனையால் வகுத்தாலும் பூஜ்யம்தான். ஒரு வாய் டீயை ஊதி ஆற்றக்கூட அப்பாவிடம் மூச்சில்லாமல் போய் மாதக்கணக்காகிறது.

"பொணத்தை வச்சுக்கிட்டுப் புளுகாதேடா," என்றாள் அம்மா.

"அக்கா, எதிர்ல என் வீட்டு மாடி ஜன்னல்லேருந்து ரெண்டு கண்ணாலயும் பார்த்தேன். சரி, வாயால இல்ல, கால் பம்பு. ஆனா அடிச்சாரு!"

"நடக்கவே முடியாதவரு எப்படி மாமா அடிப்பாரு?" மகளின் குரல் வேண்டிய அளவுக்கு மேல் உயர்ந்தது. "மத்தியானம் பூரா நான்தானே பக்கத்துல இருந்தேன்?"

இருந்தாள்தான், நாற்காலியில். கண்ணயர்ந்ததை யாரிடமும் சொல்லவில்லை. விழித்தபோது அப்பா வியர்வையில் குளித்துக் கிடந்தார். காய்ச்சல் என்று நினைத்து நெற்றியைத் துடைத்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மாமா சொல்வது மெய்யென்றால் அது காய்ச்சல் வியர்வை அல்ல. இத்தனை வருஷமும் அவர் புளுகைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டவள், இந்த ஒன்று மட்டும் புளுகாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

அன்று காலைதான் வாக்குவாதம். மாலையில் அவள் வேலை பார்க்கும் ஊருக்குத் தன் காரில் திரும்புவதாக இருந்தது. படுக்கையருகே ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே கார்.

"முன் டயர் இறங்கியிருக்கும்மா. காத்து பாத்துட்டுக் கிளம்பு."

"போற வழியில பங்க்ல பாத்துக்கறேன்ப்பா."

"ஓடிச் சூடான டயர்ல அளந்தா கூடத்தான் காட்டும். ஆறியிருக்கறப்பவே பாக்கணும்."

"ஐயோ, நீங்க சும்மா படுங்களேன்!"

மகள் அப்பாவின் வலது கையை எடுத்தாள். கட்டைவிரல் கறுத்திருந்தது, ஆள்காட்டி விரலும். துடைத்த துணி கறுப்பாயிற்று. அம்மா பார்க்குமுன் அதை மடித்தாள். சட்டையைக் கழற்றியபோது பையிலிருந்து கறுப்பாக ஏதோ விழுந்து உருண்டது. விரல்நுனி அளவில் ஒரு மூடி.

பின்கதவு வழியாக வெளியே வந்தாள். மூன்று டயர்களின் வால்வு மூடிகளில் தூசிகூடக் கலையவில்லை. முன் இடது டயரின் வால்வு மட்டும் திறந்திருந்தது. மூடியில்லாத வால்வைக் கண்டால் வானமே இடிந்ததுபோல் பதறுகிற மனிதர். முன்பின் தெரியாதவர் காருக்கெல்லாம் தேடிப்போய் மூடி போட்டவர். டயரை அழுத்தினாள். விரல்தான் வலித்தது. கால் பம்பு காருக்கடியில் சாய்ந்து கிடந்தது.

குந்தி உட்கார்ந்து மூடியைத் திருகினாள்.

"இங்க என்ன பண்றே கண்ணு?" மாமா பின்னாலேயே வந்துவிட்டார். குரலில் முழக்கமில்லை. "ஒருத்தனும் நம்பலை. போகட்டும், கனவு கண்டேன்னே வச்சுக்கறேன். அவரு நடக்கறதைப் பார்த்ததும், மனுஷன் பொழைச்சுட்டாருன்னு மாடியில நின்னு கைதட்டினேன்டி."

அப்படியே விட்டிருக்கலாம். நாளைக்குள் ஊர் அதைப் பத்தால் வகுத்து மறந்துவிடும்.

மூடி இறுகிவிட்டது. அவள் விரல் இன்னும் திருகிக்கொண்டே இருந்தது.

"கனவில்ல மாமா," என்றாள், நிமிராமல். "வந்திருக்காரு. நாலுக்கும் அடிச்சிருக்காரு."