உரிமம் பெற்றவள்

தினமும் காலையில் தலைமை எழுத்தர் குளித்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் தாள்களைப் பரப்புவார். அவருடைய மனைவி அடுப்பைத் தணித்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்திடுவாள். யாருடைய காப்பீடு என்று அவள் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.

ஆயுள் காப்பீட்டு முகவராக உரிமம் பெற்றவள் என்னவோ அவள்தான். பயிற்சி வகுப்பில் உட்கார்ந்ததும் தேர்வெழுதித் தேறியதும் அவளே. அரசு ஊழியருக்கு உரிமம் கிடையாது என்பதால், மனைவியைத் தேர்வெழுத வைத்துவிட்டு வாடிக்கையாளரைத் தாங்கள் பிடிப்பது அவர்கள் தெருச் சம்பளக்காரர்களின் வழக்கம். கதைகளில் கழுதைதான் சிங்கத்தோலைப் போர்த்திக்கொள்ளும். இங்கே தம்மைச் சிங்கமென்று நம்பியவர்கள் மனைவியின் பெயரைப் போர்த்திக்கொண்டு உலவினார்கள். "பரீட்சை வரைக்கும் அம்மா, அப்புறம் ஐயா" என்று சிரித்துக்கொள்வார்களே தவிர, ஒருவருக்கும் அது உறுத்தவில்லை.

தேறிய புதிதில் அவள் ஒருமுறை, "நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள்.

"வீடு வீடா ஏறி இறங்க உனக்கென்ன தலையெழுத்து?" என்றார் அவர். அன்பாகச் சொன்னதால் எதிர்த்துப் பேசவும் அவளுக்கு வழியில்லாமல் போயிற்று.

ஒருநாள் காலை அவர் விரல் வைத்தபோது அவள் பேனாவைத் தொடவில்லை.

"இது என்ன தாளுங்க?"

எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "தையற்கடைக்காரர் செத்துப்போனாரில்ல, அந்த விவகாரம். இருதய நோயை மறைச்சுட்டாருன்னு கம்பெனி பணம் தர மாட்டேங்குது. 'என்கிட்ட நோயைப் பத்தி எதுவும் சொல்லல'ன்னு ஏஜெண்ட் எழுதிக் குடுக்கணும். இன்னைக்கு நேர்லயும் கூப்பிட்டிருக்காங்க. நீ வாயைத் திறக்காம உக்காரு, நான் பாத்துக்கறேன்."

"அவர் சம்சாரம் நேத்து வந்தாங்க. என்னையே பாத்து 'ஏஜெண்ட் ஐயா இல்லையா'ன்னு கேட்டாங்க. அவங்க வீட்டுக்காரர் நோயைச் சொன்னாராமே? 'அதையெல்லாம் எழுதினா பாலிசி கிடைக்காது, விடுங்க'ன்னு நீங்கதான் சொன்னீங்களாம்."

அவர் முகம் சுண்டிவிட்டது. "வீட்டுக்குள்ளேயே கோர்ட்டு வச்சுட்டியா? வெளிய தெரிஞ்சா என் வேலை போயிடும். அதுக்கு உலை வைக்காதே."

"உலை வைக்கிறதைத் தவிர வேற எந்த வேலையை எனக்கு விட்டீங்க?"

தாள் கையெழுத்தில்லாமலே அவருடைய பைக்குள் போயிற்று. அந்தப் பையோடு இருவரும் காப்பீட்டுக் கம்பெனியின் கிளை அலுவலகம் போய்ச் சேர்ந்தார்கள்.

மேலாளர் அறையில் தையற்கடைக்காரரின் மனைவி முன்னரே வந்து உட்கார்ந்திருந்தாள். கடையிலிருந்து நேரே வந்திருக்க வேண்டும். மடியில் வெட்டுத்துணியின் நூல்கள் ஒட்டியிருந்தன. கணவன் போனபின் அந்தக் கடையும் கையைவிட்டுப் போகும் நிலை.

மேலாளர் கேட்டார்: "ஏஜெண்ட் நீங்கதானேம்மா? இறந்தவர் தன் நோயைப் பத்தி உங்ககிட்டச் சொன்னாரா?"

"சொல்லவே இல்லைங்க" என்று முந்திக்கொண்டார் எழுத்தர்.

"உங்களையா கேட்டேன்? லைசென்ஸ் உங்ககிட்டயா இருக்கு?"

எழுத்தரின் மனைவி எழுந்து நின்றாள். "நான் அவரைப் பாத்ததே இல்லைங்க. நேர்ல பாத்து விசாரிச்சேன்னு கையெழுத்து மட்டும் போட்டிருக்கேன். அது பொய். போட்டது நான். யாரும் என் கையைப் பிடிச்சுப் போட வைக்கல."

மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "யோசிச்சுப் பேசுங்க. லைசென்ஸைப் பறிச்சுடுவாங்க. அப்புறம் வகுப்பு, பரீட்சை எல்லாம் முதல்லேருந்து வரணும்."

"பறிக்கட்டும். ஒருதரம் தேறினவளுக்கு இன்னொருதரம் தேற முடியாதா? ஆனா அடுத்த தடவை வீட்டுப் படி ஏறிப்போய்க் கேள்வி கேக்கறவளும் நானாத்தான் இருப்பேன்." எழுத்தரின் செருமல் அவள் காதில் விழாமலில்லை, அவள் திரும்பவில்லை.

"சரி, அப்ப இறந்தவர்கிட்டப் பேசினது யாரு? பேசினவர்கிட்ட நோயைச் சொல்லியிருந்தா, மறைச்சுட்டாருன்னு நாங்க தட்டிக்கழிக்க முடியாது."

"என் பங்கை நான் சொல்லிட்டேன். மத்தவங்க பங்கை அவங்கவங்கதான் சொல்லணும்."

எழுத்தர் கதவைப் பார்த்தார். மூன்றே எட்டில் வெளியே போய்விடலாம். மனைவி ஒரு சொல் திட்டியிருந்தால் அந்தக் கோபத்தைச் சாக்காக வைத்தே போயிருப்பார். தையற்கடைக்காரரின் மனைவியும் கெஞ்சவில்லை. குனிந்து, மடியிலிருந்த நூலை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான்தாங்க பேசினது" என்றார் எழுத்தர். அவர் மேலாளரை விட்டுவிட்டு அந்தப் பெண்ணின் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர் எதையும் மறைக்கலம்மா. நான் உக்காந்திருக்கும்போதே நெஞ்சுவலிக்கு மாத்திரை போட்டார். தண்ணி மொண்டு குடுத்தவனே நான்தான்."

மேலாளர் வெள்ளைத்தாள் ஒன்றை எடுத்து, நடந்ததை எழுதச் சொல்லி எழுத்தரின் மனைவிக்கு முன்னால் நகர்த்தினார். எழுத்தர் கைநீட்டி அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அவ பேர்ல வேண்டாங்க. இதை என் பேர்லயே எழுதறேன்."