ஹீட்டரை அணைத்தவன்

என் கணவன் ஆர்லன் இறந்த பிறகு எனக்கு அதிக எரிச்சல் மூட்டியவன் டுவேன் பெட்ராக். எங்கள் ரைஃபிள் கிளப்பின் செயலாளர். அடக்கம் முடிந்து எல்லோரும் காருக்குத் திரும்பும்போது தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் வந்தான்.

"லோர்னா, ஆர்லன் நிரப்புன தோட்டா மிச்சம் இருக்கா? இருந்தா பத்திரமா வெச்சுக்க. அது தீர்ந்துட்டா நீயும் எங்கள மாதிரிதான்."

அவனைப் பொறுத்தவரை அது வேடிக்கைப் பேச்சு. எனக்குச் சுருக்கென்று தைத்தது. பதினோரு வருடம் அந்தக் கிளப்பின் அறுநூறு கஜப் போட்டியில் ஜெயித்தவள் நான். தரையில் குப்புறப் படுத்து, மூச்சை அடக்கி, விசையை இழுத்தவள் நான். ஆர்லன் சுட்டால் வெடிக்கும் முன்பே கண்ணை இறுக மூடிக்கொள்வான். குண்டு எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. அதனால் எங்கள் வீட்டில் சுடுவது என் வேலை, சுட்ட கூடுகளில் மறுபடி வெடிமருந்தும் குண்டும் வைத்துத் தோட்டா நிரப்புவது அவன் வேலை. மோன்டானாவில் இப்படிப் பிரித்துக்கொண்ட தம்பதி வேறு யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஜெயித்தது யார் கை என்று காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். மார்ச் முதல் சனிக்கிழமை போட்டி. என் தோட்டாவை நானே நிரப்பப் போகிறேன்.

செப்டம்பரில் நிலவறைக்கு இறங்கினேன். அவனுடைய நோட்டுப் புத்தகத்தில் எல்லாம் எழுதியிருந்தது. சுட்ட பித்தளைக் கூடுகளைத் துடைத்து, கூட்டின் கழுத்தை ஒரே அளவுக்கு நெருக்கி, ஒவ்வொன்றையும் நிறுத்துப் பிரித்து, மருந்தைச் சின்னத் தராசில் துணுக்குத் துணுக்காகச் சேர்த்து, குண்டை ஒரே ஆழத்தில் அமுக்க வேண்டும். அப்படியே செய்தேன். மைதானத்தில் சுட்டுப் பார்த்தேன்; ஐந்து குண்டும் இலக்கில் ஒரு தேநீர்த் தட்டின் அளவுக்குள் அடங்கின. பெட்ராக்கிடம் இலக்குத் தாளைக் காட்டினேன்.

"இது ஆர்லனோட பழைய பெட்டியில இருந்து எடுத்ததுதானே?"

"நான் நிரப்புனது."

"சரி சரி. கேக்கல போ."

அவன் நம்பவில்லை. போகட்டும், மார்ச்சில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

ஜனவரியில் போட்டிக்கான தோட்டாவை நிரப்பினேன். அதே நோட்டு, அதே மருந்து டப்பா, அதே தராசு. சுட்டுப் பார்த்தால் குண்டுகள் ஏணி வைத்ததுபோல மேலும் கீழுமாகப் போய் விழுந்தன. மருந்து கூடினால் குண்டு மேலே போகும், குறைந்தால் கீழே. அப்படியென்றால் நான் சரியாக நிறுக்கவில்லை. மறுபடியும் நிரப்பினேன். மறுபடியும் ஏணி. பெட்ராக் பின்னால் நின்று தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

"பழைய பெட்டி தீர்ந்துபோச்சு போல, அம்மணி."

அழுகை வரவில்லை. கோபம் வந்தது, அவன் மேல் இல்லை, செத்துப்போனவன் மேல். நோட்டில் எழுதாமல் எதையோ மறைத்துவிட்டுப் போய்விட்டான் என்று தோன்றியது.

பிப்ரவரி நடுவில் ஒரு பிற்பகல். வெளியே பனி முழங்கால் உயரம். தராசின் தட்டில் மருந்தை வைத்துவிட்டு முள் நிற்பதற்காகக் காத்திருந்தேன். சரியாக நடுவில் நின்றது. அப்போது வீட்டு ஹீட்டர் தானாகக் கிளம்பியது. என் தலைக்கு மேலே கூரையில் இருந்த காற்றுத் திறப்பு வழியாகச் சூடான காற்று இறங்கியது. முள் மெல்லக் கீழே சாய்ந்தது. ஹீட்டர் நின்றதும் திரும்ப மேலே வந்தது. நான் கையை வைக்கவே இல்லை.

செப்டம்பரில் ஹீட்டர் ஓடவில்லை.

ஆர்லன் குளிர்காலத்தில் தோட்டா நிரப்பும் நாளெல்லாம் வீட்டு ஹீட்டரை அணைத்துவிடுவான். அதற்காகப் பதினோரு வருடம் சண்டை போட்டிருக்கிறேன்.

"வீட்டுக்குள்ளயே என்னை விறைக்க வெக்கிறியா? நான் இங்க இருக்கறதே உனக்குப் பிடிக்கல, இல்ல?"

"இன்னும் நாப்பது தோட்டா இருக்கு," என்பான் படியின் அடியிலிருந்து.

நான் கோட்டை மாட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விடுவேன். தனியாக இருக்க ஆசைப்படுகிறான், என்னைத் துரத்தத்தான் அணைக்கிறான் என்று அவளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஏன் அணைக்கிறாய் என்று ஒருமுறைகூட நான் அவனைக் கேட்டதில்லை. அவனுக்கும் கேட்காமல் பதில் சொல்லும் பழக்கம் இல்லை. நோட்டில் எழுதாததற்குக் காரணம், அது அவனுக்குக் கதவைச் சாத்துவதுபோல யோசிக்காமல் செய்கிற காரியம்.

ஹீட்டரை அணைத்துவிட்டு, கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து அறுபது தோட்டா நிரப்பினேன். விரல் மரத்துப்போனது.

மார்ச்சில் ஜெயித்தேன். பக்கத்தில்கூட யாரும் வரவில்லை. பெட்ராக் எல்லோர் முன்னாலும் கை கொடுத்தான்.

"சரி, ஒத்துக்கறேன் லோர்னா. ஆர்லன் தோட்டா இல்ல, உன் கைதான்."

ஆறு மாதமாக நான் கேட்கத் தவித்த வார்த்தை. கேட்டதும் சப்பென்று ஆகிவிட்டது.

"இல்ல டுவேன். அவனும்தான்," என்றேன். அவனுக்குப் புரியவில்லை. நானும் விளக்கவில்லை. அறுபது மைல் தனியாக வண்டி ஓட்டி வீட்டுக்கு வந்தேன். கேடயம் பக்கத்து இருக்கையில் கிடந்தது.

சுட்ட கூடுகளை வைக்க நிலவறைக்கு இறங்கினேன். மேசையில் இடமில்லை. அவனுடைய முக்காலிக்கு எதிரே இன்னொரு முக்காலி உண்டு. எப்போதும் பழைய பத்திரிகைகளும் காலிப் பெட்டிகளும் குவிந்து கிடக்கும். அவற்றை எடுத்து ஒதுக்கினேன். அடியில் கடைப் பை ஒன்று. உள்ளே தடித்த கம்பளி, என் சமையலறைத் திரையின் அதே நீலம். விலைச்சீட்டைக்கூடக் கழற்றவில்லை. பையிலேயே பில் இருந்தது. ஐந்து வருடத்துக்கு முந்தைய ஜனவரித் தேதி.

அந்த ஜனவரி எனக்கு நினைவிருக்கிறது. சண்டைக்கு நடுவே, அதிசயமாக, படியடியிலிருந்து கூப்பிட்டான்.

"கீழ வந்து கொஞ்ச நேரம் உக்காரேன், லோர்னா."

"அந்தக் குளிர்லயா? எனக்கென்ன பைத்தியமா?"

அதற்கப்புறம் அவன் கூப்பிடவில்லை. கம்பளியை வாங்கி வைத்துவிட்டு, நானாக இறங்கி வருவேன் என்று காத்திருந்திருக்கிறான். பிறகு அதன்மேல் பத்திரிகைகள் சேர்ந்துவிட்டன.

மேலே போய் ஹீட்டரை அணைத்துவிட்டு வந்தேன். விலைச்சீட்டைக் கத்தரித்தேன். கம்பளியைப் போர்த்திக்கொண்டு என் முக்காலியில் உட்கார்ந்தேன். எதிரே அவனுடைய முக்காலியும் தராசும். முள் அசையாமல் நடுவில் நின்றது. வீடு குளிர ஆரம்பித்தது. எனக்குக் குளிரவே இல்லை.