சாய்வு இல்ல

1.

இந்தக் கதை 'இல்ல' என்கிற ஒரே சொல்லில் பிறந்தது. கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணினால் கோணட்டும்.

முதல் தொடக்கம்: கணக்கு சார் போர்டில் நெட்டுக்குத்தாக ஒரு கோடு போட்டு என்னை (அடித்துவிட்டேன். 'அவளை' என்று வைத்துக்கொள்வோம். அவள் என்றால்தான் எனக்கு வாய் வருகிறது.)

அவளை எழுப்பினார்.

"இதோட சாய்வு என்ன?"

கோடு எவ்வளவு ஏறியது என்பதை எவ்வளவு நகர்ந்தது என்பதால் வகுக்க வேண்டும். இது ஏறுகிறது, பக்கவாட்டில் இம்மியும் நகரவில்லை. சைபரால் வகுக்க முடியாது. ஆகவே அப்படியொரு எண்ணே கிடையாது. இத்தனையும் தொண்டைவரை வந்தது. வெளியே வந்தது ஒன்றுதான்.

"இல்ல சார்."

"இல்லைன்னா சைபரா? அது படுத்த கோட்டுக்கு, தாயே. உன் மூளை மாதிரி."

வகுப்பே சிரித்தது. அன்று முதல் அவள் பெயர் சைபர். மூன்று மாதம் தாங்கினாள். பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை.

(சைபர் ஓர் எண். இல்லாதது எண்ணே இல்லை. சாருக்கு இது தெரியாமலா இருக்கும்? அவரை நல்லவராக எழுத ஒரு பத்தி தொடங்கினேன்: 'சார் ஏழைப் பிள்ளைகளுக்குப் பேனா'... வேண்டாம். இன்றைக்கு மனசில்லை.)

2.

இப்போது அவள் அம்மாவோடு பார்சல் குடோனில் வேலை செய்கிறாள். வாசலில் புதிதாக ஒரு சரிவுப் பாதை. போன வாரம் அம்மா தள்ளிய வண்டி பின்னால் உருண்டு அம்மாவின் பாதத்திலேயே ஏறிவிட்டது.

"இதுல சாய்வே இல்லக்கா. நீங்க பராக்கு பாத்துக்கிட்டுத் தள்ளுறீங்க" என்றார் சூப்பர்வைசர்.

"ஆமா தம்பி, வண்டிக்குத்தான் கொழுப்பு."

அவள் டேப்பால் அளந்தாள். உயரம் தொண்ணூறு சென்டிமீட்டர். தரைநீளம் முந்நூறு. சாய்வு 0.3. வண்டியில் ஒட்டியிருக்கும் தாளில் 'சாய்வு பத்துக்கு ஒன்றுக்கு மேல் இருந்தால் ஏற்றக் கூடாது' என்றிருக்கிறது. அப்படியானால் வேண்டிய நீளம் x:

90 = x/10
x = 900

ஒன்பது மீட்டர் வேண்டும். போட்டது மூன்று. மீதி ஆறு மீட்டரில் சூப்பர்வைசரின் கார் நிற்கிறது.

3.

முடிவு அ: அவள் எல்லாம் சொல்கிறாள், அவர் தலைகுனிந்து... (பொய். கிழித்தாகிவிட்டது.)

முடிவு ஆ: அவள் சும்மா இருக்கிறாள். (நேற்றுவரை நடந்தது இதுதான். மறுபடி எழுதமாட்டேன்.)

இன்று காலை: சுவரில் அந்த இரண்டு வரியும் சாக்பீஸில் இருக்கின்றன. சூப்பர்வைசர் கத்துகிறார்.

"எவ வேலை இது? இதுல சாய்வு இருக்குன்னு யாராச்சும் சொல்லுங்க பாப்போம்!"

கட்டுப்போட்ட காலோடு அம்மா வண்டிப் பிடியில் கை வைக்கிறாள். நூற்றிருபது கிலோ. அவளைத் திரும்பிப் பார்க்கிறாள்.

அவளை இல்லை. அவள் என்றால்தான் வாய் வரும் என்றேனே, அதையும் அடித்துவிட்டேன். என்னை.

வாயைத் திறந்துவிட்டேன். அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை. விடை உங்களுக்கும் தெரியும், சுவரிலேயே இருக்கிறது. சத்தமாகச் சொல்லுங்கள். என்ன சொன்னாலும் சரி, 'இல்ல' என்று மட்டும் தொடங்காதீர்கள்.