ஓரம் நெளிந்த தட்டு

வானாய்வுக்கூடத்து லேத் பட்டறைக்காரர் அன்று காலை அங்கேயே ஆராய்ச்சி செய்யும் மனைவி கொடுத்த படத்தைச் சுவரில் மாட்டப் போனதுதான் வினை. மூன்று வருஷமாக அவள் உயிரைக் கொடுத்து அளந்த சுருள் விண்மீன் மண்டலம் அது. பொதுவாக இப்படிப்பட்ட மண்டலங்களில் ஓரத்து நட்சத்திரங்களும் வேகம் குறையாமல் சுற்றும். அவற்றை இழுத்துப் பிடிக்கக் கண்ணுக்குத் தெரியாத பொருள் ஏராளமாக இருந்தாக வேண்டும். இவள் மண்டலத்திலோ ஓரத்தில் வேகம் சரிந்தது. இங்கே மறைந்த பொருளே கிடையாது என்று மதியம் கருத்தரங்கில் சொல்லப்போகிறாள். சொன்னால் ஊரே திரும்பிப் பார்க்கும்.

ஆணியும் கையுமாக நின்றவர் படத்தை உற்றுப் பார்த்தார். தட்டுபோல் இருந்த மண்டலத்தின் ஓரம் லேசாக நெளிந்திருந்தது. ஆயிரம் தட்டுகளைக் கடைந்த கண்ணுக்கு அது தப்புமா? போச்சுடா!

சொல்லாமல் விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. 'அட அறிவுகெட்டவனே' என்று தன்னையே திட்டிக்கொண்டு அவள் அறைக்கு ஓடினார்.

"ஏம்மா, உன் தட்டு சமமா இல்லையே. ஓரம் நம்ம பக்கம் முகத்தைத் திருப்பியிருக்கு."

"இருந்தா என்ன?"

"நம்மகிட்ட வர்ற வேகமும் நம்மள விட்டுப் போற வேகமும்தானே உன் கருவிக்குத் தெரியும்? அந்த ஓரம் குறுக்கால ஓடுது. ஓட்டம் குறையல, உனக்குத்தான் குறைச்சலாத் தெரியுது."

அவள் முகம் வெளுத்துப்போயிற்று.

"இன்னிக்குத்தான் வந்து சொல்லணுமா? போங்க வெளிய!"

"மேடையில வேற யாராவது சொன்னா எனக்குத் தாங்காதும்மா."

கதவைப் படாரென்று சாத்தினாள். பாவம் மனுஷன், மதியம் சாப்பிடக்கூட இல்லை.

கருத்தரங்கில் கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார். அவள் மேடையேறினாள்.

"இந்த மண்டலத்துல மறைஞ்ச பொருள் இல்லன்னு சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன். ஓரத்தோட சாய்வைச் சேத்து இப்பதான் மறுபடி கணக்குப் போட்டேன். ஓரத்துலயும் அதே வேகம்தான். மறைஞ்ச பொருள் நிறையவே இருக்கு. நான் நினைச்சது தப்பு."

"மூணு வருஷமா எங்க யார் கண்ணுக்கும் படலையே, யார் கண்டுபிடிச்சது?" என்றார் வானாய்வுக்கூடத்து இயக்குநர்.

"என் வீட்டுக்காரர். சொன்னதுக்கு நல்லாத் திட்டி அனுப்பினேன். கட்டுரையில என் பேருக்கு முன்னாடி அவர் பேருதான் வரும்." அவள் கடைசி வரிசைத் தூணைப் பார்த்தாள். "என்னங்க, ஒளிஞ்சது போதும். வந்து பக்கத்துல நில்லுங்க. என்னால தனியா நிக்க முடியல."

அவர் நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்.