கதவின் வெளிப்பக்கம்

கீழ்வானம் வெளிறி, முகில்களின் விளிம்பில் பொன்னிறம் மெல்லப் படர்ந்து, கூரைகளின்மேல் படிந்திருந்த பனி திரண்டு துளித்துளியாய்த் தெருவில் இறங்க, ஆற்றின் இருகரையிலும் நெருங்கி நின்ற ஆலைகளின் புகைபோக்கிகள் ஒன்றன்பின் ஒன்றாய்க் கரும்புகை உயிர்க்கத் தொடங்கிய வேளை அது. உணவுத் தூக்கைக் கையில் ஏந்தியோரும், மிதிவண்டியை உருட்டிச் செல்வோரும், அரைத் தூக்கத்தோடே நடப்போரும், நேற்று விட்ட சண்டையை இன்று விட்ட இடத்திலிருந்தே தொடர்வோருமாய், மாந்தர் திரள் பாலத்தின்மேல் அடர்ந்து நகர்ந்தது. தமிழ்ச்சுவை அறிந்த அன்பரே, அத்திரளின் நடுவே, எவரோடும் பேசாது, வலக்கைக் கட்டைவிரலை இடக்கையால் தேய்த்தபடி நடக்கும் ஒருத்தியை மட்டும் நாம் பின்தொடர்வோம். நாற்பதைக் கடந்தவள், நாற்பத்திரண்டு பெண்கள் அமர்ந்து ஆடை தைக்கும் கூடமொன்றின் வாயிலைக் காப்பவள், அதனால் வாயிற்காரி என்றே அனைவராலும் அழைக்கப்பட்டவள்.

அவளுக்கு ஒரு கனவு உண்டு. பூப்பெய்திய ஆண்டிலிருந்தே ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை வந்துபோன அக்கனவில் அவள் பெண்ணல்லள். மார்பில் தோற்கவசம் தரித்து, உயர்ந்த கோட்டையொன்றின் வாயிலில் நிற்கும் படைமறவன். தொலைவில் புழுதி எழும். பகைவர் குதிரைகளுக்கு முன்னே, குழந்தைகளை இடுப்பில் இடுக்கியபடி ஊரார் கோட்டையை நோக்கி ஓடிவருவர். அவர்களுள் பலர் அவனுக்கு முகமறிந்தவர். கதவை அடை எனத் தலைவன் கூவுவான். அவன் அடைப்பான். இரும்புத்தாழ் விழும்போது கட்டைவிரலின் தோல் அதில் சிக்கி நசுங்கும். பின்னர்க் கதவில் தோளை முட்டுக்கொடுத்து அவன் நிற்க, வெளியே அறையும் கைகளின் ஒவ்வோர் அடியும் மரத்தினூடே வந்து அவன் தோளெலும்பில் இறங்கும். சிறிது நேரத்தில் அடிகள் குறையும். அதன்பின் ஒன்றுமிராது.

இவ்வளவோடு கனவு முடிந்திருப்பின் அவள் ஒருவாறு ஆறியிருப்பாள். ஆனால் அம்மறவன் சாகவில்லை. தலைவன் அவன் முதுகில் தட்டிப் பாராட்டினான்; கையில் வெள்ளிக்காப்பு அணிவித்தான்; அவன் நெடுநாள் வாழ்ந்து, பல்விழுந்து, பேரப்பிள்ளைகள் சூழ, வயிறார உண்டு உறங்கினான். விழிக்குந்தோறும் அவள் நாணியது வயிறார உண்ட அந்த உறக்கத்தை எண்ணித்தான்.

இது முற்பிறவியின் நினைவே என்பதில் அவளுக்கு ஐயமில்லை. ஏனெனில் கற்பனை செய்வதாயிருப்பின் இதைவிட நல்லதாய் ஒன்றைக் கற்பித்திருக்கலாமே! அவள் தெருவில் முற்பிறவியை நினைவுகூர்வோர் வேறு சிலரும் இருந்தனர். அடுத்த வீட்டுக்காரி தான் அரசியாயிருந்ததாகவும், அதனாலேயே தனக்குக் கலம் கழுவ உடல் வளையவில்லை எனவும் சொல்லித் திரிபவள். எதிர்வீட்டு முதியவர் யானைப்படையே நடத்தியவர். வாயிற்காவலனாக இருந்தவன் மட்டும் அத்தெருவில் ஒருவனும் இல்லை. ஆதலின் இவள் தன் கனவைக் கணவனிடமன்றி எவரிடமும் சொன்னதில்லை. மிதிவண்டி பழுது பார்க்கும் அவனோ, வாய்நிறையக் கிண்டல் உடையவன்.

"அந்தச் சிப்பாய் இன்னைக்கும் வந்தானா? இவ்வளவு தூரம் வர்றவன், ஒரு குடம் தண்ணி புடிச்சு வெச்சுட்டுப் போகக் கூடாதா?" என்பான்.

அவளும் சிரித்துவிடுவாள். அவன் கடைக்குப் பழுதுவண்டி வருவது வாரத்தில் இரண்டு நாள். வீட்டின் அடுப்பு பெரும்பாலும் அவள் ஊதியத்திலேயே எரிந்தது. வாயிற்காவல் போனால் அக்குடும்பத்துக்கு வேறு போக்கில்லை என்பதை நீவிர் மனத்தில் இருத்துதல் வேண்டும்.

இனி, கூடத்தின் கதையைக் கேளீர். சில கிழமைகளுக்கு முன், விலையுயர்ந்த துணியில் சில முழங்கள் காணாமற்போயின. வேலைநேரத்தில் புறக்கடைக்குச் செல்லும் பெண்களே மதிலுக்கு அப்பால் அதை வீசினர் எனக் கண்காணி முடிவுகட்டி, மாலைதோறும் அவர்களை வரிசையில் நிறுத்தி, இடுப்பிலும் மடியிலும் கைவைத்துத் தடவிப் பார்த்தான். மானமுள்ள எவள் பொறுப்பாள்? துணி வெட்டும் மேசைக்குத் தலைவியும், கூடம் முழுமைக்கும் குரலுமான கத்தரியக்கா எழுந்து முதலாளியிடம் நேரே சென்றாள். எங்களைத் தொடாதீர், வேண்டுமானால் வேலை தொடங்கியதும் கூடத்தை வெளியிலிருந்து பூட்டிவிடுங்கள், ஒருத்தியும் புறக்கடைப் பக்கம் போகமாட்டோம் என்றாள். முதலாளி இசைந்தார். அன்று மாலை எவர் உடலிலும் எவர் கையும் படவில்லை. பெண்கள் கத்தரியக்காவைத் தோளில் தூக்காத குறையாகக் கொண்டாடினர். தம்மைப் பூட்டச் சொல்லித் தாமே கேட்டுப் பெற்று, அதை வெற்றி என மகிழ்ந்த கூட்டம் அதுவொன்றாகவே இருக்கும். ஆயினும் அவர்களை எள்ளி நகையாட எனக்கு மனம் வரவில்லை, மாலைதோறும் அவ்வரிசையில் நின்றவன் நான் அல்லன்.

பூட்டும் பொறுப்பு வாயிற்காரிக்கு வந்தது. காலை எட்டு மணிக்குப் பூட்டுதல், நண்பகல் உணவுக்குத் திறத்தல், மறுபடி பூட்டுதல், மாலையில் திறத்தல். இடையில் கண்காணி நேரில் வந்து சொன்னாலன்றித் திறக்கலாகாது. பூட்டு விழுந்த மறுநாள் தொட்டுக் கனவு விடியல்தோறும் வந்தது. பன்னிரண்டாம் நாள், அவள் பூட்டி முடித்த கணத்தில், உள்ளிருந்த எவளோ விளையாட்டாய்க் கதவை இரண்டு முறை தட்டிச் சிரித்தாள். வெறும் விளையாட்டுத்தான். ஆனால் அவ்விரண்டு தட்டுகளும் வாயிற்காரியின் தோளெலும்பில் வந்து இறங்கின. உள்ளே நின்றவன் இப்போது வெளியே நிற்கிறான், வெளியே நின்றவர் உள்ளே இருக்கின்றனர், வேறு மாற்றம் ஒன்றுமில்லை என அவள் அறிந்து நடுங்கினாள். அந்நடுக்கம் மாலைக்குள் சினமாய் மாறியது. தன்மீது, அம்மறவன்மீது, அவனுக்குக் காப்பு அணிவித்த கைமீது எழுந்த சினம் அது.

பதின்மூன்றாம் நாளாகிய இன்று, பாலத்தைக் கடந்து, கூடத்தின் வாயிலை அடைந்து, பெண்கள் அனைவரும் உள்ளே சென்று அமரும்வரை அவள் கைகட்டி நின்றாள்.

"பூட்டும்மா, மணி ஆச்சு," என்றான் கண்காணி.

"பூட்ட மாட்டேன் சார்."

முதலில் அவன் காதில் அது ஏறவில்லை. ஏறியதும் காரணம் கேட்டான். அவளும் ஒளிக்கவில்லை, இருபத்தைந்தாண்டுகளாய்க் கணவனுக்கு மட்டுமே சொன்ன கனவை, கூடம் முழுதும் செவிமடுக்க, தாழ் முதல் வெள்ளிக்காப்பு வரை சொல்லி முடித்தாள். கண்காணி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"போன பிறவியில சிப்பாயா நீ? ரொம்ப நல்லதாப் போச்சு. அப்போ பூட்டிப் பழக்கம் இருக்குல்ல? பூட்டு!"

"பழக்கம் இருக்கறதாலதான் சார் மாட்டேங்கறேன். அப்போ சொன்னதைச் செஞ்சேன். செஞ்சது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இந்தப் பிறவியில என் கையால ஆளுங்களை உள்ள வெச்சுக் கதவை அடைக்க மாட்டேன்."

அவன் வாய் திறக்குமுன், வெட்டுமேசையிலிருந்து கத்தரியக்கா பாய்ந்து வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"உனக்கென்னடி? நீ வாசல்ல உக்காந்திருக்கறவ. உன்னை எவனாவது தடவிப் பாத்தானா? பூட்டு போச்சுன்னா மறுபடியும் எங்க மடியிலதான் கை வைப்பான். கனவு கண்டாளாம் கனவு!"

"நீங்க சொல்றது நியாயம் அக்கா. என்னை யாரும் தொடல," என்றாள் வாயிற்காரி. "ஆனா நீங்க யாரும் இந்தக் கதவுக்கு வெளிய நின்னதில்ல. நான் நின்னிருக்கேன்."

கண்காணிக்குப் பொறுமை தீர்ந்தது. "இன்னையிலேருந்து உனக்கு வேலை இல்ல. சாவியை வெச்சுட்டுக் கிளம்பு."

அவள் திறவுகோலைக் கழற்றித் தரையில் வைத்தாள். ஆனால் கிளம்பவில்லை. சுவரோரம் முதுகைச் சாய்த்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அமர்ந்தாள்.

"போன்னு சொன்னேன்ல?"

"வேலையை எடுத்துட்டீங்க, சரி. இங்க உக்கார்றதுக்கு எதுக்கு சார் வேலை?"

அவளைத் தூக்கி எறிய அவனுக்கு நேரமில்லை. முன்கட்டடத்தில் பொதி ஏற்றும் வண்டி வந்து நின்றிருந்தது. கத்தரியக்கா குனிந்து திறவுகோலை எடுத்தாள். "நீங்க போங்க சார், நான் பாத்துக்கறேன்," என்று சொல்லி, வெளியே வந்து, வாயிற்காரியின் கண்ணெதிரே ஓங்கியடித்துப் பூட்டினாள். பூட்டிவிட்டுக் காவலுக்குரிய முக்காலியில் விறைப்பாக அமர்ந்தாள். உள்ளே தையற்பொறிகள் நாற்பதும் ஒருசேர இரைந்தன.

ஒருமணி நேரம் கழிந்திருக்கும். கதவு மெல்லத் தட்டப்பட்டது.

"கத்தரியக்கா, நான்தான்," என்றது பொத்தான் தைப்பவளின் குரல். அவள் நான்கு திங்கள் சூலுற்றிருந்தாள். "குமட்டுது அக்கா. கொஞ்சம் திறங்க, கொல்லைக்குப் போயிட்டு வந்துடறேன்."

"கண்காணி வரட்டும்டி. கொஞ்சம் பொறுத்துக்கோ."

"பொறுக்க முடியல அக்கா."

"நான்தானே கேட்டு வாங்கினேன்? நானே மீறினா நாளைக்கு என்ன பேசுவான்? கொஞ்சம் பொறு கண்ணு."

தட்டுதல் விரல்களினின்று உள்ளங்கைக்கு மாறியது. பொறிகள் ஒவ்வொன்றாய் ஓய, வேறு கைகளும் அதனோடு சேர்ந்தன. பழைய கதவு கீலோடு ஆடவே, கத்தரியக்கா தன்னையறியாது எழுந்து, அது அசையாதிருக்கத் தோளைக் கொடுத்து நின்றாள். நாற்பத்தொரு பெண்களின் கைகள் மரத்தை அறைந்தன. அவற்றுள் தன் உடன்பிறந்த தங்கையின் கையும் இருந்தது என்பதும், எது அவள் கை எனத் தன்னால் பிரித்தறிய இயலவில்லை என்பதும் அப்போதுதான் அவளுக்கு உறைத்தன. அவள் முகம் சாம்பிப் போயிற்று. சுவரோரம் அமர்ந்திருந்தவளை நோக்கித் திரும்பினாள்.

"உனக்கு... இதுதான் கேக்குமா?"

"இதேதான் அக்கா."

கத்தரியக்காவின் கை பூட்டைத் தேடிற்று. திறவுகோல் நுழைந்தது, கதவு திறந்தது.

தீப்பற்றியதென்றோ, கூரை சரிந்ததென்றோ நான் எழுதியிருந்தால் கதைக்கு விறுவிறுப்புக் கூடியிருக்கும். அப்படி ஒன்றும் நிகழவில்லை. பொத்தான் தைப்பவள் வாயைப் பொத்திக்கொண்டு புறக்கடைக்கு ஓடினாள், வாந்தி எடுத்தாள், முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்து, எல்லாரும் ஏன் தன்னையே பார்க்கின்றனர் என்பது விளங்காமல் விழித்தாள். அவ்வளவே. ஆனால் அவள் உள்ளே சென்றபின்னும் கதவு சாத்தப்படவில்லை.

கண்காணி வந்தான், கண்டான், குதித்தான். கத்தரியக்காவின் கையிலிருந்து திறவுகோலைப் பறித்து, முன்கட்டட வேலையை விட்டுத் தானே காவலிருக்க இயலாததால், முதலில் அவளிடமே நீட்டினான். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அவள் தங்கையிடம் நீட்டினான். அவள் ஊசியில் நூல் கோக்கலானாள். முதல் வரிசை, இரண்டாம் வரிசை எனக் கூடத்தின் கடைசிவரை அவன் நடந்தான். நாற்பத்திரண்டு பெண்களுள் ஒருத்தியின் கையும் நீளவில்லை.

"சரி. பூட்டு வேண்டாம்னா சாயங்காலம் சோதனை. வரிசையில நில்லுங்க, வெச்சுக்கறேன்."

"பூட்டும் கிடையாது, சோதனையும் கிடையாது," என்றாள் கத்தரியக்கா. "ரெண்டுல ஒண்ணுன்னு நினைச்சு நான்தான் ஏமாந்துட்டேன். துணி காணோம்னா துணி வெச்ச இடத்துக்குப் பூட்டுப் போடுங்க. நாங்க துணி இல்ல. அப்புறம், வாசல்ல இருக்கறவ நாளைக்கும் வருவா. அவளுக்கு வேலை இல்லேன்னா எங்களுக்கும் இல்ல."

அன்று மாலை அவர்கள் வரிசையில் நிற்கவில்லை. கைகோத்து, கூட்டமாக, ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு வெளியேறினர். நடுவில் நின்ற கண்காணி ஏதோ சொல்ல வாயெடுத்து, முன்னால் வந்த முகங்களைக் கண்டு, சுவரோரம் ஒதுங்கி வழிவிட்டான். மறுநாள் வாயிற்காரி தன் முக்காலியில் அமர்ந்தாள். போ என்று எவரும் சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. அவள் இருந்தாள்.

அன்பரே, அதன்பின் கனவு நின்றுவிட்டதோ என நீவிர் வினவுவீர். நிற்கவில்லை. அம்மறவன் இன்றும் வருகிறான்; இன்றும் அடைக்கிறான்; இன்றும் காப்பணிந்து வயிறார உண்கிறான். முடிந்த பிறவியில் அடைத்த கதவை எந்தப் பிறவியிலும் போய்த் திறக்க இயலாது. வெளியே நின்று அறைந்தவர் அறைந்தவரே, அவர்க்கு ஆறுதல் உரைக்க இனி ஒருவரும் இலர். அதை அவள் அறிவாள். அறிந்து, சில விடியல்களில் அழவும் செய்கிறாள். ஆனால் அழுது முடித்ததும் முகம் கழுவி, தலைவாரி, பாலத்தைக் கடந்து சென்று, எட்டு மணியடிக்கையில் அக்கூடத்தின் கதவைச் சுவரில் படும்வரை தள்ளித் திறந்து வைக்கிறாள்.