அழுதானா, சிரித்தானா

தியேட்டரில் வேலை பார்ப்பவர்களைப் போலச் சினிமா பேசுகிறவர்கள் யாரும் கிடையாது. அவர்களைப் போலச் சினிமா பார்க்காதவர்களும் கிடையாது.

டார்ச்சக்காவையே எடுத்துக்கொள்ளுங்கள். இருட்டில் வருகிறவர்களுக்கு இருக்கை காட்டுகிற வேலை. முதல் கால் மணி நேரம் உள்ளே நிற்பாள். பிறகு வெளியே, கதவோரம் ஸ்டூலில். கடைசிப் பத்து நிமிடத்துக்குக் கதவைத் திறந்துவிட மறுபடி உள்ளே. பதினெட்டு வருஷமாக எல்லாப் படத்துக்கும் தலையும் வாலும் தெரியும், உடம்பு தெரியாது. மேலே இருக்கிற ஆபரேட்டர் கண்ணாடிச் சதுரம் வழியாக முழுப் படமும் பார்ப்பார். ஆனால் அவர் அறையின் ஸ்பீக்கர் வாய் செத்துப்போய் ஆறு வருஷம் ஆகிறது. சோளப்பொரி விற்கிற பொரிக்காரம்மாவின் கவுன்டர் திரைக்குப் பின்சுவரை ஒட்டி இருந்தது. அழுகை, சிரிப்பு, அடி, உதை எல்லாம் சுவர் வழியாகக் கேட்கும். ஒரு முகம் தெரியாது.

இந்த மூவரும்தான் தினமும் டீ குடித்துக்கொண்டே ஓடுகிற படத்தைப் பிரித்து மேய்வார்கள். அன்றைக்கு டார்ச்சக்கா மட்டும் டீயைத் தொடவில்லை.

"மதியக் காட்சிக்குத் தம்பி வரான்" என்றாள்.

"வரட்டுமே! நடிச்ச மகராசன் ஓசியில பார்த்தா என்ன குறைஞ்சு போச்சு?" என்றாள் பொரிக்காரம்மா.

"அதில்லம்மா. அவன் எந்த வேஷம்னு எனக்கு இன்னும் தெரியலையே!"

தம்பி ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையில் மெக்கானிக். இந்தப் படத்தில் சின்னதாக ஒரு வேஷம் கிடைத்திருந்தது. என்ன வேஷம் என்று கேட்டதற்கு, "நீயே கண்டுபிடிக்கா" என்று சொல்லிவிட்டான். படம் வந்து பத்து நாளாகிறது. தலையிலும் அவனைக் காணோம், வாலிலும் காணோம். இதற்கிடையில் அடுத்த படத்துக்கு மூன்று மாதம் வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள். கடை முதலாளி, இருக்கிறாயா போகிறாயா, சாயங்காலத்துக்குள் சொல் என்கிறார். தம்பி அதைத் தூக்கி அக்கா தலையில் வைத்துவிட்டான். "நீ நல்லா இருக்குன்னா போறேன். இல்லேன்னா ஸ்பேனரே கதின்னு கிடக்கேன். உன்னை மாதிரிப் படம் பார்த்தவ இந்த ஊர்ல யாருக்கா இருக்கா?"

"அண்ணே, நீங்கதான் முழுசாப் பார்க்கிறீங்க. அவனுக்கு வலது புருவத்துல தழும்பு இருக்கும்" என்றாள் டார்ச்சக்கா ஆபரேட்டரிடம்.

"அங்கேருந்து ஆளே எறும்பு மாதிரி இருக்கான். புருவத்துக்கு எங்க போறது?" என்றார் ஆபரேட்டர். பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஒல்லியா, கழுத்து நீளமா ஒருத்தன் வரான். இடைவேளைக்கு அப்புறம், ரயில்வே ஸ்டேஷன்ல. ரயில் போனதும் பெஞ்சுல உக்காந்து முகத்தை மூடிக்கிட்டு, தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறான். ஹீரோவை ஏமாத்தி அனுப்பிட்ட சந்தோஷம். சரியான திருட்டுப் பய."

"அடப்பாவமே!" என்றாள் பொரிக்காரம்மா. "ரயில் சத்தம் ஓஞ்சதும் ஒருத்தன் கேவிக் கேவி அழுவானே, அவனையா? பத்து நாளா அதைக் கேட்டுக் கேட்டு நான் பொரியைக் கருக்கிட்டிருக்கேன்."

"அழறானா? நான் கண்ணால பார்த்தேன்."

"நான் காதால கேட்டேன்!"

"உனக்குக் காதுல பொரி அடைச்சிருக்கு."

"உங்களுக்குக் கண்ணுல கண்ணாடி அடைச்சிருக்கு."

டார்ச்சக்கா இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். நீளக் கழுத்து அவனேதான். அழுதானா, சிரித்தானா? கதவோரம் அவள் கேட்டதை வைத்தும் முடிவுக்கு வர முடியவில்லை. அந்த இடத்தில் முன்வரிசையில் சிரிப்பு கேட்கும், பின்வரிசையில் மூக்கு உறிஞ்சுகிற சத்தமும் கேட்கும்.

தம்பி அரைமணி நேரம் முன்னதாகவே வந்துவிட்டான். தலைக்கு எண்ணெய் வைத்து, இஸ்திரி போட்ட சட்டையில், பரீட்சைக்கு வந்தவன் மாதிரி.

"கண்டுபிடிச்சியாக்கா?"

"பின்ன! ஸ்டேஷன் பெஞ்சு."

அவன் முகம் மலர்ந்தது. "எப்படி இருந்துச்சு?"

"பிரமாதம்டா. என்னமா சிரிச்சே!"

மலர்ந்த முகம் அப்படியே வாடியது. "சிரிச்சேனா?"

"இல்லடா, அழுதியே, அந்த அழுகை..."

"ரெண்டுல எதுக்கா?"

அக்கா போட்டு உடைத்தாள். "நான் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லடா. நடுவுல எனக்கு வெளியிலதான் வேலை. இந்தப் படம்னு இல்ல. பதினெட்டு வருஷத்துல இங்க ஒரு படமும் முழுசாப் பார்த்ததில்ல."

தம்பி அவளை யாரோ அந்நியப் பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தான். "அப்போ சின்ன வயசுல எனக்கு ராத்திரி ராத்திரி கதை சொல்லுவியே, அதெல்லாம்?"

"ஆரம்பமும் முடிவும் தெரிஞ்சா நடுவுல நாமளே போட்டுக்கலாம்டா."

"நீ போட்டதை நம்பித்தான்க்கா எனக்கு நடிப்பு ஆசையே வந்துச்சு!"

பேச்சு முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்த பொரிக்காரம்மா வந்து டார்ச்சைப் பிடுங்கினாள். "லேட்டா வர்றவனுக்கு நான் சீட்டு காட்டுறேன். ரெண்டு பேரும் போய் உக்காருங்க. எனக்கும் பதில் தெரிஞ்சாகணும்."

அக்கா உட்கார்ந்தாள். உட்கார்ந்து பார்ப்பதே புதிதாக இருந்தது. யாராவது கதவைத் திறந்தால் எழுந்து ஓடக் கால் துடித்தது. ஹீரோவின் மனைவி என்று அவள் நினைத்திருந்தவள் அவனுக்குத் தங்கையாம். சாகப்போகிறார் என்று நினைத்த கிழவர் சாகவில்லை, டாக்டர்தான் செத்தார். பத்து நாளாக அவள் மனசுக்குள் ஓட்டிவந்தது வேறு படம்.

இடைவேளை முடிந்தது. ஸ்டேஷன் வந்தது. ரயில் போனது. பெஞ்சில் தம்பி. இரண்டு கையாலும் முகத்தை மூடினான். தோள் குலுங்கியது. ஒரு சத்தம் வந்தது. முன்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். அவளுக்குப் பின்னால் ஓர் அம்மாள் மூக்கைச் சிந்தினாள். அக்கா கண்ணை அகல விரித்துப் பார்த்தாள், காதைக் கூர்மையாக்கிக் கேட்டாள். ஒன்றும் பிடிபடவில்லை. காட்சி முடிந்துவிட்டது.

படம் விட்டு வெளியே படிக்கட்டுக்கு வந்ததும் அவனே கேட்டான். "சொல்லுக்கா."

"முதல்ல நீ சொல்லு. அழுதியா, சிரிச்சியா?"

"எனக்கே தெரியலக்கா. டைரக்டர் 'ரெண்டும் இல்லாமப் பண்ணு'ன்னாரு. பதினோரு தடவை எடுத்தாங்க. எதைப் போட்டாங்கன்னே இன்னிக்குத்தான் பார்த்தேன்."

"அப்போ அவர் சொன்ன மாதிரித்தானே வந்திருக்கு. இங்க ஒருத்தருக்கும் விளங்கலையே!"

"அதனால நல்லா இருக்குங்கிறியா?"

"எனக்கு எழுந்து போய் உன் கையை விலக்கிப் பார்க்கணும் போல இருந்துச்சுடா. அது நடிப்பா, நீ என் தம்பிங்கிறதாலயா? அதை நான் யார்கிட்ட போய்க் கேப்பேன்?"

தம்பியின் போன் அடித்தது. முதலாளி. அவன் போனைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான், சூடு தாங்காதவன் போல அதை அவள் கையில் வைத்துவிட்டான்.

"ஐயா, நான் அவன் அக்கா பேசறேன். தம்பிக்கு ஒரு மூணு மாசம் லீவு வேணுங்க."

"எதுக்கும்மா?"

"நடிக்கிறதுக்கு."

"போயிட்டு வரட்டும், வந்து வேலையைப் பார்க்கட்டும். ஆனா அவன் நல்லா நடிப்பானாம்மா?"

டார்ச்சக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நாளைக்கு இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேங்க" என்றாள்.