பழைய தாள்

சரண் விடிவதற்கு முன் எழுந்தான். ஹீட்டரைப் போட்டுக் குளித்தான். மைலோ கலக்கினான். கிரீம் கிரேக்கர் பிஸ்கட்டை அதில் முக்கி நின்றபடியே தின்றான். கிளாசைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையைத் தேய்த்து மாட்டினான். ஆறரைக்குள் கீழே இறங்கிக் காரை எடுத்தான். அதற்கு மேல் போனால் ஃபெடரல் ஹைவேயில் ஜாமில் மாட்டிக்கொள்ள வேண்டும். அன்று சனிக்கிழமை. கிள்ளானில் அவன் வேலை பார்க்கும் கப்பல் சரக்கு அலுவலகம் பூட்டிக் கிடந்தது. பூட்டிய கதவு வரை போய், காரைத் திருப்பிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்கே வந்தான். மனைவி ராஜினி செத்ததிலிருந்து எல்லாச் சனிக்கிழமையும் அப்படித்தான்.

இதை ஒருநாள் குருவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டான். குரு அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரன். இவர்கள் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவன், ராஜினியின் சாவுக்கு நாற்காலி இறக்கியவன். அப்போது கேட்டுக்கொண்டான். இந்தச் சனிக்கிழமை மத்தியானம் வீட்டு வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான். காப்பார் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் தான் வாரா வாரம் போகும் ஹேஷ் ஓட்டம் இருக்கிறது, பழைய காலணியாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு வா என்றான். மறுப்பதற்கும் தெம்பு வேண்டும். சரண் ஏறிக்கொண்டான்.

ஹேஷ் பந்தயம் இல்லை என்று குரு வழியெல்லாம் விளக்கினான். ஒருவர் முன்னாலேயே போய், கிழித்த தாளை மட்டையிலும் புதரிலும் செருகி வழி போட்டு வைப்பார். மற்றவர்கள் தாளைப் பார்த்து ஓட வேண்டும். திடீரென்று தாள் நின்றுவிடும். அந்த இடத்துக்கு செக் என்று பெயர். அங்கே நாலா பக்கமும் சிதறித் தேட வேண்டும். தாளைக் கண்டவன் 'ஆன் ஆன்' என்று கத்தினால் கூட்டம் மொத்தமும் அவன் பின்னால் போகும். முதலில் வந்தவனுக்குப் பரிசு கிடையாது. ஓடி முடித்ததும் வட்டமாக நின்று ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சாட்டிக் குடிப்பார்கள். பாதிப் பேர் அதற்காகத்தான் வருகிறார்கள்.

தோட்டத்தில் முதல் நாள் மழை பெய்திருந்தது. சேறு கணுக்காலுக்கு ஏறியது. ஆணும் பெண்ணுமாக ஒரு நாற்பது பேர், வயதானவர்களே அதிகம். சரண் கடைசியில் ஓடினான். ஓடியது அவன் கால்கள்தான், அவன் வேறெங்கோ இருந்தான். இரண்டாவது செக்கில் எல்லோரும் சிதறினார்கள். அவன் பாட்டுக்கு ஒரு கால்வாய் ஓரமாகப் போனான். ஒரு மட்டையில் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று.

கத்திவிட்டான். இவ்வளவு சத்தம் தன் தொண்டையில் இருப்பது அவனுக்கே மறந்து போயிருந்தது. பின்னால் விசில் ஒலித்தது. ஆட்கள் தபதபவென்று வந்தார்கள். ஒரு சீனக் கிழவர் அவன் முதுகில் தட்டிவிட்டு முந்திப் போனார். கால்வாயில் இறங்கி ஏறி, முள்ளைத் தாண்டி, இன்னும் தாள், இன்னும் தாள் என்று ஓடியவர்கள் கடைசியில் லோரிகள் பறக்கும் பெரிய சாலையில் போய் முட்டிக்கொண்டு நின்றார்கள். அங்கே ஒன்றும் இல்லை. சபாபதி, குழுவுக்குத் தலைவர், ஓய்வுபெற்ற தபால்காரர், மெதுவாக வந்து சேர்ந்தார். வழியில் எடுத்த ஒரு தாளை விரலில் தேய்த்துக் காட்டினார். சாம்பல் நிறத்தில் மாவாக உதிர்ந்தது. போன மாதம் இங்கே நடந்த ஓட்டத்தின் தாள் அது. புதுத் தாள் வெள்ளையாக, விறைப்பாக இருக்கும், எந்தக் குழந்தைக்கும் தெரியும் என்றார். சீனக் கிழவரின் ஒரு காலணி கால்வாயோடு போயிருந்தது. அவர் சிரித்தார். சரணால் அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கார்கள் நின்ற திடலில் வட்டம் கூடியது. நடுவில், மீன்காரர்களிடம் வாங்கிய ஐஸ் பாறை. முதல் குற்றவாளி சரண். காற்சட்டையோடு அதன்மேல் உட்கார வைத்தார்கள். புதியவனைக் கூட்டி வந்தவனுக்கும் தண்டனையில் பங்கு என்பது வழக்கம். குரு பக்கத்தில் பீர் குவளையோடு நின்றான்.

சபாபதி விசாரணையைத் தொடங்கினார். பெயர், ஊர், வேலை.

"கல்யாணம் ஆச்சா தம்பி?"

"ஆச்சு அங்கிள்."

"பொண்டாட்டிய எங்க காணோம்?"

சொல்லியிருக்கலாம். சொன்னால் நாற்பது முகமும் ஒரே மாதிரி மாறும். அந்த மாற்றத்தை அலுவலகத்தில் பார்த்தாயிற்று, கோயிலில் பார்த்தாயிற்று, சாப்பாட்டுக் கடையிலும் பார்த்தாயிற்று.

"வீட்டுல இருக்கா."

"கிளம்பும்போது என்ன சொன்னாங்க? மறைக்காம சொல்லு, இது கோர்ட்டு."

"சேத்தோட வந்தா கதவத் தொறக்க மாட்டேன்னா."

வட்டம் அதிரச் சிரித்தது. கெட்டிக்காரி, அடுத்த தடவை அவளை அனுப்பிவிட்டு இவனை வீட்டில் விட்டுவிடலாம், அவளாவது பழைய தாளுக்கும் புதுத் தாளுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பாள் என்றார் சபாபதி. சரணும் சிரித்தான். சொன்ன வாக்கியம் அச்சு அசல் அவள் பேசுவது போலவே இருந்தது. ஒரு நிமிஷம் அவள் நிஜமாகவே வீட்டில் கதவுக்குப் பின்னால் நின்றாள். நிமிர்ந்து பார்த்தான். குரு மட்டும் குவளையைத் தூக்காமல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். குளிர் அப்போதுதான் உறைத்தது.

சாப்பாட்டைக் கவனிப்பது மாதவி அக்கா. சரண் சாப்பிட்டுத் தட்டை வைத்ததும், பெரிய கரண்டியால் மீ கோரெங் நூடுல்ஸை அள்ளித் தாளில் பொட்டலம் கட்டத் தொடங்கினாள். கதவைத் திறக்க மாட்டேன் என்ற பிள்ளைக்காம். சம்பல் வைக்கட்டுமா, காரம் ஆகுமா என்று கேட்டாள்.

"நல்லா சாப்பிடுவா," என்றான் சரண். அது பொய்யில்லை.

மாதவி இரண்டு கரண்டி வைத்தாள்.

காரில் குரு சாவியைத் திருப்பவில்லை. பொட்டலம் சரண் மடியில் சூடாக இருந்தது.

"நா ஒண்ணும் கேக்கல மச்சான்," என்றான் குரு. "ஆனா அக்கா வாரா வாரம் விசாரிப்பாங்க, அந்தப் பிள்ள எப்படி இருக்குன்னு. நா என்னா சொல்லட்டும்?"

சரண் வெளியே பார்த்தான். தன் பொய்யை இவன் சுமக்க வேண்டும். வாரா வாரம் ராஜினிக்கு ஒரு நலம் சொல்ல வேண்டும். நாற்காலி இறக்கிய கையால்.

அவளுடைய கடைசிக் காலை ஒரு வேலைநாள். காய்ச்சல் இறங்காமல் அவள் சோபாவில் போர்த்திப் படுத்திருந்தாள். கிளினிக்குக்குக் கூட்டிப் போகட்டுமா என்று கேட்டான். கேட்கும்போது காலணி மாட்டியிருந்தான். சாவி கையில் இருந்தது. ஒரு கால் வாசலுக்கு வெளியே இருந்தது. அப்படிக் கேட்டால் யார்தான் என்ன பதில் சொல்வார்கள்? சொன்னாள். போனான். சாயங்காலம் மருத்துவமனையில் பார்த்தபோது அவள் வாயில் குழாய் செருகியிருந்தார்கள். டெங்கி என்றார்கள். அதன் பிறகு அவள் பேசவில்லை.

கார் கதவைத் திறந்து இறங்கினான். பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திடலைக் கடந்தான். மாதவி பானையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். சபாபதி பக்கத்தில் உட்கார்ந்து காலில் ஒட்டிய சேற்றைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இத வச்சுக்குங்க. வீட்டுல யாரும் இல்ல. அவ செத்துட்டா."

மாதவியின் கை பானைக்குள்ளேயே நின்றது. அவன் எதிர்பார்த்த அந்த மாற்றம் அவள் முகத்தில் வந்தது. பிறகு சபாபதியின் முகத்தில், இன்னும் மோசமாக. அவர் குச்சியைப் போட்டுவிட்டு எழுந்தார். தெரியாமல் கேட்டுவிட்டேன், அந்தப் பேச்சை எடுத்திருக்கவே கூடாது என்றார். தன்னைவிட மூத்த ஒரு மனிதர் தன் பொய்க்காகத் தலைகுனிந்து நிற்பதை சரண் பார்த்தான். ஐஸ் பாறை இதைவிட எவ்வளவோ மேல்.

"நீங்க கேட்டதுல தப்பில்ல அங்கிள். கிளம்பும்போது என்ன சொன்னான்னு கேட்டீங்க. நாதான் வேற சொல்லிட்டேன்."

குரு காரிலிருந்து இறங்கி வந்து பின்னால் நின்றான்.

"காய்ச்சலோட படுத்திருந்தா. நா ஷூ போட்டுட்டு வாசல்ல நின்னேன்," என்றான் சரண். "அவ சொன்னது, 'நீ போ லா. ஜாம் ஆயிரும்.'"